பெயர் சொல்லாமல் பேசியவள்

எனக்கு வாய் நீளம். ஊரார் சொல்லிக் கேட்டதைவிட என்னைப் பெற்றவள் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். பந்தலூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில், கீழ் டிவிஷன் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை பார்த்தேன். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனபிறகு கைப்பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, தூங்கவைத்து, மூக்கைத் துடைத்துவிடும் வேலை. சிலோனிலிருந்து வந்த என் அம்மா அந்த இடத்தைக் கடைசிவரை பிள்ளைக்காம்பரா என்றே சொன்னாள். வீட்டுக்காரர் போனபின் என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஒரு வேலையால்தான்.

ஆனால் என்னை நாலு பேருக்குத் தெரியவைத்தது மைக். பொங்கலுக்கு மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடக்கும் வாலிபால் போட்டியில் நான்தான் வர்ணனை. கீழ் டிவிஷன்காரியாக இருந்துகொண்டு மேல் டிவிஷனைக் கிண்டல் அடிப்பதுதான் என் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரைக் குறை சொன்னாலும் பெயரைச் சொல்லக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அடிதடி, அப்புறம் ஸ்டேஷன். ‘சிலர்’, ‘ஒருத்தர்’, ‘அந்தப் பக்கம் நிற்கிறவங்க’ என்று சொல்லிக்கொண்டே ஒரு ஆளைத் தோலுரித்துத் தொங்கவிடலாம். கேட்கிற அத்தனை பேருக்கும் யாரென்று தெரியும். கேட்டால், நான் யாரையும் சொல்லவில்லையே என்று கையை விரிக்கலாம். அதில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொள்ளைத் திமிர் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேல் டிவிஷன் அணியில் நெட்டுக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர் ஒருவர். எஸ்டேட்டில் லைட், வயரிங் வேலை பார்ப்பவர், நெட்டைக்கால் மனிதர். ஒரு பொங்கலுக்கு அவர் இரண்டு பந்தை விட்டுவிட்டார். “சிலருக்குக் கை பாக்கெட்டுலயே ஒட்டிக்கிச்சு போல, யாராச்சும் சுடுதண்ணி ஊத்தி எடுத்து விடுங்க” என்றேன். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆட்டம் முடிந்ததும் பால் ஊற்றாத கட்டஞ்சாயா ஒரு கிளாஸ் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, தொண்டை காய்ந்திருக்கும் குடிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படிப்பட்ட ஆளை எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டலாம் என்று அன்றைக்கே என் மனதில் பதிந்துவிட்டது. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

என் குரல் இன்னொரு வேலைக்கும் போனது. யானை இறங்கினால் எச்சரிக்கை சொல்லிக்கொண்டு வனத்துறை ஜீப் ஒன்று தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றி வரும். அதில் ஓடுவதற்கு ஒரு நல்ல தமிழ்க் குரல் வேண்டும் என்று கேட்டு என்னைத்தான் பதிவு செய்தார்கள். “யானை நடமாட்டம் இருக்கிறது. யாரும் வெளியே வர வேண்டாம். கதவைத் தாழிட்டு உள்ளேயே இருங்கள்.” பனிமூட்டத்தில் ஜீப் கண்ணில் படாது, குரல் மட்டும் மேட்டிலிருந்து இறங்கி வரும். முதல் தடவை கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பெருமையில்தான்.

பொங்கல் முடிந்து, அடுத்து வந்த மழைக்காலம். கொழுந்து அதிகம் வரும் மாதம், எடை போட்டு முடிய இருட்டிவிடும். அன்று சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஆயா லீவு. காப்பகத்தில் இன்னும் நாலு பிள்ளைகள் அம்மாக்களுக்காகக் காத்திருந்தன. லைட் எரியவில்லை என்று அந்த நெட்டை அண்ணன் வந்து ஏணி போட்டு ஏதோ கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் பிள்ளைகளைப் பாத்துக்குங்க அண்ணா என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போனேன். எதற்கு? எங்கள் பக்கம் போனில் டவர் கிடைப்பது பின்மேட்டில் இருக்கும் பாறை ஒன்றில் மட்டும்தான். முதல்நாள் யாரோ என் பொங்கல் வர்ணனையை எடுத்து குரூப்பில் போட்டிருந்தார்கள். எத்தனை பேர் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். நாலு பச்சைப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஐந்து நிமிஷம் அரை மணி ஆனது. கீழே தகரம் தட்டும் சத்தம் கேட்டுத்தான் தலை நிமிர்ந்தேன். காப்பகத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் கொம்பன் யானை ஒன்று நின்றது. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். லைன் ஆம்பிளைகள் தகரத்தோடும் தீப்பந்தத்தோடும் திரண்டு வந்தார்கள். அவர் உள்ளே போனதைப் பார்த்திருந்த யாரோ, ஆள் பத்தலை வெளியே வாப்பா என்று சத்தம் போட்டார்கள். உள்ளேயிருந்து பதில் வந்தது. “நான் வரலை. போங்க.” அது மேலே எனக்கும் கேட்டது.

யானை நகர்ந்து ஓடைப்பக்கம் இறங்கியபின் நான் பின்பக்கமாக ஓடி வந்தேன். தட்டியதும் கதவைத் திறந்தார். ஒன்று தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, இரண்டு காலைக் கட்டிக்கொண்டிருந்தன, நாலாவதன் வாயில் அவருடைய சட்டை நுனி. கதவைத் திறந்திருந்தால் இவற்றில் ஒன்றாவது வெளியே ஓடியிருக்கும். நான் அவர் காலில் விழாத குறை. அண்ணா, வெளியே சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும், ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன் என்று அழுதேன்.

“நான் எதுக்குங்க சொல்லப்போறேன்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மாக்கள் ஓடி வந்தபோது முன்கதவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். எனக்குப் பின்னால் அவர் வந்தார். பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? பொம்பளையும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் போய் ஒளிந்துகொண்டான், கூப்பிட்டும் வரவில்லை. டீச்சர்தான் தைரியமாக இருந்தார்கள் என்று என்னைக் கட்டிப்பிடித்தாள் ஒருத்தி. நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுவருஷம் குளிர் முடியும்போது உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. கீழ் டிவிஷனிலிருந்து ஒருத்தி நின்றாள், மேல் டிவிஷனிலிருந்து அந்த நெட்டை அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்துத் தேர்தல் வேலையைப் பார்த்தவர் கட்சியின் வார்டு செயலாளர். எஸ்டேட் ஆபீசில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு, என் காப்பக வேலைக்கும் அவர்தான் ஒரு காலத்தில் சொல்லிவைத்தார். அவர் வீட்டில் வெளிச்சத்தம் விழாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனில் பதிவு செய்ய உட்கார்ந்தோம். அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தை எடுத்துவிடுங்க டீச்சர், நீங்கதான் கண்ணால பாத்தவங்க என்றார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? போதாததற்கு அந்த அண்ணன் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுக்கிற ஆள்தானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

“ஆபத்துக்குக் கூப்பிட்டா உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு ‘நான் வரலை, போங்க’ன்னு குரல் குடுக்கற வீட்டுக்கா உங்க ஓட்டு? யோசிங்க, தாய்மார்களே.”

அந்த ‘நான் வரலை’யை அந்த அண்ணன் குரலைப் போலவே இழுத்துச் சொல்லியிருந்தேன். செயலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிரசார ஜீப் அந்தப் பதிவோடு பத்து நாள் சுற்றியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், ரேஷன் கடையில், பஸ்ஸில் எல்லாம் அதே பேச்சு. காப்பகத்தில் பேச்சு சரியாக வராத பிள்ளைகூடக் கதவைச் சாத்திவிட்டு “வல்லை, போங்க” என்றது. அவன் அன்றைக்கு அவர் தோளில் தூங்கியவன். அதைப் பார்த்து அவன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தைத் தேவையில்லாமல் இன்னொரு தடவை கழுவினேன்.

கடையில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். டார்ச் வாங்கிக்கொண்டிருந்தார். இது எவ்வளவு தூரம் அடிக்கும் என்று கடைக்காரரைக் கேட்டார், இதைவிடப் பெரிசு இருக்கா என்றார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் தலையாட்டினார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சாயங்காலம் யானை எச்சரிக்கை ஓடியது. என் குரலில்தான். நான் மேல் டிவிஷன் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். லைன் முழுக்கக் கதவு சாத்தியிருக்க, அவர் மட்டும் முற்றத்தைத் தாண்டிப் பாதையில் நின்று தேயிலைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போங்க அண்ணா என்றேன். திரும்பிப் பார்த்தார்.

“உள்ள இருங்கன்னும் நீங்கதான் சொல்றீங்க, உள்ள இருந்தவனை நக்கலும் நீங்கதான் அடிக்கறீங்க. எதைத்தானுங்க டீச்சர் கேக்கறது?”

சாதாரணமாகத்தான் கேட்டார், சண்டைக்கு நிற்கவில்லை. இத்தனை நீளமான வாயை வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக் கீழே நடந்தேன்.

மறுநாள் செயலாளரிடம் போய் அந்தப் பதிவை நிறுத்தச் சொன்னேன். பேரைச் சொல்லலை, ஊரைச் சொல்லலை, எதுக்கு நிறுத்தணும் என்றார். உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் பின்னால் சுவரில் எஸ்டேட் ஆபீஸ் காலண்டர் தொங்கியது, அதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டேன். எங்கள் ஆள் ஜெயித்தாள். ஊர்வலம் மேல் டிவிஷன் வழியாகப் போகும்போது வேண்டுமென்றே அவர் வீட்டு முன்னால் ஜீப்பை நிறுத்தி அதை இன்னொரு தடவை ஓடவிட்டார்கள்.

தேர்தல் முடிந்தால் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை. பையன்கள் அதைப் போனில் வைத்துக்கொண்டார்கள். அவர் வாலிபால் பயிற்சிக்கு வந்தால் எங்காவது ஒரு மூலையிலிருந்து என் குரல் கேட்கும். யானை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவர் முதல் ஆளாக வெளியே நிற்பார். தகரம் தட்டுபவர்களைவிட நாலடி முன்னால். பார்த்தவர்கள், இப்பத்தான் ஆம்பிளையாயிருக்கான் என்று பாராட்ட ஆரம்பித்தார்கள். சிரிப்பைவிட அந்தப் பாராட்டைக் கேட்டுத்தான் நான் அதிகம் பயந்தேன். ஒவ்வொரு தடவையும் நாலடி ஐந்தடி ஆனது.

மே தினத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மைக் என் கையில், அவர் நெட்டுக்குப் பக்கத்தில். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே உறுதியாகக் கிளம்பினேன். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல வேண்டும் என்றும் பார்த்தேன் பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்! “கதவைச் சாத்தினவங்களை யாரும் லேசா எடை போட்டுடாதீங்க. சிலர் சாத்தினதாலதான் சில பிள்ளைங்க இன்னைக்கு உசிரோட விளையாடுது” என்றேன். மனதாரச் சொன்னேன். அப்புறம் ஒரு விசில், அதைத் தொடர்ந்து மைதானம் முழுக்கச் சிரிப்பு. என் வாயிலிருந்து நக்கலையே கேட்டுப் பழகிய ஜனம், இதையும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டது. சில பிள்ளைகள் என்றால் அவர் பெற்ற பிள்ளைகள் என்று அர்த்தம் பண்ணி, பிள்ளைகுட்டியோட ஒளிஞ்சுக்கிட்டாராம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த பந்து அவர் கைக்கு நேராக வந்தது. அவர் கையைத் தூக்கவேயில்லை. கோட்டைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து போனார். நான் அப்போதாவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். மைக் ஆனில்தான் இருந்தது.

ஆடி மாதத்து மழை. காலை ஆறரை இருக்கும், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம். காப்பகக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மேல் டிவிஷன் பக்கமிருந்து என் குரல் வந்தது. குட்டியோடு ஒரு யானை லைனை ஒட்டி நிற்கிறது, யாரும் வேலைக்குக் கிளம்ப வேண்டாம் என்று ஜீப்பில் வந்தவர்கள் நேரிலும் சொல்லிக்கொண்டே போனார்களாம். எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள், அவர் ஒருவரைத் தவிர. யாருக்கும் ஆபத்தில்லை, யாரும் யாரையும் கூப்பிடவுமில்லை. அன்றைக்கு வெளியே வர எந்த அவசியமும் இல்லை. சத்தியமாக இல்லை.

என் குரல் இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தது. கதவைத் தாழிட்டு என்ற இடத்தில் ஒரு பிளிறல் கேட்டது. அது முடிந்தபின்னும் என் குரல் மட்டும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது அதை நிறுத்துங்களேன் என்று மழையில் நின்று கத்தினேன். அவ்வளவு தூரத்துக்கு யாருக்குக் கேட்கும்?

அவரைக் கூடலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. செயலாளர் மாலையோடு போய், பெரிய தைரியசாலி என்று பேசிவிட்டு வந்தார். எப்படி மனசு வருகிறது என்று நினைத்தேன், நினைத்ததுமே கூசியது. நான் மட்டும் என்ன யோக்கியம்?

மறுநாள் காலை அந்த அண்ணனின் மனைவி ஆள் அனுப்பினார். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால் லைன் லைனாக ஆட்டோவில் மைக் கட்டி, இன்னார் காலமானார், அடக்கம் இத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். அதை டீச்சர்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். போனேன். வாசலில் மாதா கோவில் ஆட்கள் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அறைதான் வீடு. அண்ணி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். என்னை உட்காரச் சொன்னார். அடக்கம் நாலு மணிக்கு என்றார், கணவருடைய முழுப் பெயரையும் அவர் அப்பா பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். மண்டையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கப் போனபோது என் புடவை நுனியைப் பிடித்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க டீச்சர். ஓட்டு எண்ணின அன்னைக்கு நானும் வாய் விட்டுட்டேன், உன்னாலதான் தோத்தேன்னு. அவர் ஒண்ணுமே சொல்லலை. அன்னைக்குக் காப்பகத்துல நீங்க கூடத்தான இருந்தீங்க. நெஜமாலுமே பயந்துட்டுத்தான் கதவைத் திறக்காம இருந்தாருங்களா?”

மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கை அந்த மனிதர் தன் வீட்டுக்குள்ளேகூட அவிழ்க்கவில்லை. ஆமாம் என்று சொன்னாலும் முடிந்தது, தெரியாது என்று சொன்னாலும் முடிந்தது. வேலை மிஞ்சும், அடுப்பு எரியும். பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நான் உள்ள இல்லைங்க அண்ணி,” என்றேன். “நாலு பிள்ளைங்களை அவர்கிட்ட விட்டுட்டு வெளிய போயிட்டேன். அதுங்க ஓடிடக் கூடாதுன்னுதான் திறக்கலை. என் வேலை போயிடும்னு, சொல்ல வேண்டாம்னு நான்தான் அவரைக் கும்பிட்டுக் கேட்டேன்.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் புடவையை விட்டார். பெட்டிக்குள் கையை நீட்டி, கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“இதையும் மைக்குல சொல்லிடுங்க. கீழ் லைன்லயும் சொல்லுங்க.”

ஆட்டோ மேல் லைனின் முதல் வீட்டுக்கு முன்னால் நின்றது. மழை விட்டிருந்தது, கதவுகள் திறந்து ஜனம் வாசலுக்கு வந்தது. மைக்கை ஆன் செய்தேன். அவர் பெயர் எழுதிய தாள் என் கையில் இருந்தது. அதற்கு முன்னால் என் பெயரைச் சொன்னேன்.